மஞ்சள் அட்டை, புளியோதரை, பிறகு தஞ்சாவூர் ராஜா ராணி

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரமில்லாதவர்கள் இதோடு போய்விடலாம். தஞ்சாவூர் ராஜா ராணித் தலையாட்டிப் பொம்மை ஜோடிக்கு ஐந்துக்கு நாலரை. அதே ஊர் நடன மங்கைக்கு அழகில் ஐந்து, நான் எதிர்பார்த்த வேலையில் பூஜ்யம். ரயில் நிலைய வாசலில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மைக்கு மதிப்பெண் போடவே மனம் வரவில்லை. அப்படி என்ன வேலை எதிர்பார்த்தாய் என்று கேட்பீர்கள். வீட்டில் சண்டை நாக்கு நுனிவரை வந்து நிற்கும்போது, யாரும் ஒரு வார்த்தை பேசாமல் அதைத் திருப்பி அனுப்புகிற வேலை.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள். திருச்சி காட்டூரில் வீடு. கணவருக்கு பெல் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மாமியார், கல்லூரியில் உளவியல் படிக்கும் மகள், பிளஸ் டூ படிக்கும் மகன் என்று மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேரும் நல்லவர்கள்தாம். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் நல்லவர்களாக இருப்பதுதான் அபூர்வம். சண்டைக்கான காரணங்களை எழுதினால் உங்கள் வீட்டுப் பட்டியலைத் திருடிவிட்டேன் என்பீர்கள். மோட்டாரை யார் நிறுத்தவில்லை, கீசரை யார் அணைக்கவில்லை, ஈரத் துண்டு ஏன் கட்டிலில் கிடக்கிறது, இட்லி மாவு தீர்ந்ததை ஏன் யாரும் சொல்லவில்லை. ஆரம்பம் எப்போதும் இவ்வளவு சின்னதுதான். ஆனால் நாலாவது வாக்கியத்தில் பேச்சு மாவை விட்டுவிட்டு 'உங்கள் வீட்டுப் பழக்கம்' என்று திரும்பும். ஆறாவது வாக்கியத்தில், என் கல்யாணத்தின்போது வந்த வெள்ளிக் குத்துவிளக்கின் எடைக்குப் போய்விடும். மூன்றாவது வாக்கியத்திலேயே பிரேக் பிடித்தாக வேண்டும். அதற்குத்தான் கருவி தேடினோம்.

முதலில் மகன் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் வெட்டி வைத்தான். கால்பந்துப் பைத்தியம். கென் ஆஸ்டன் என்ற இங்கிலாந்து நடுவர் போக்குவரத்து விளக்கைப் பார்த்து யோசித்த ஏற்பாடு அது; 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில்தான் முதலில் நடைமுறைக்கு வந்தது. நடுவர் பேசும் மொழி புரியாத ஆட்டக்காரருக்கும் நிறம் புரியும் என்பதுதான் அதன் பெருமை. வீட்டுச் சண்டை மொழி புரியாமல் வருவதில்லை. மிக நன்றாகப் புரிவதால்தான் வருகிறது. அதோடு, அட்டையை நீட்டுகிறவர் அந்தக் கணமே நடுவராகிவிடுகிறார், எதிரில் இருப்பவர் குற்றவாளியாகிவிடுகிறார். பேரன் மஞ்சள் அட்டையை நீட்டினால் அப்பாயி சும்மா இருப்பாரா? வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அப்பளம் பொரித்து மிஞ்சிய எண்ணெய்க் கிண்ணத்துக்கு மூடியாகப் போட்டுவிட்டார்.

அடுத்தது மகளின் யோசனை: குறிச்சொல். பேச்சு எல்லை மீறினால் மற்றவர் 'புளியோதரை' என்று சொல்ல வேண்டும், எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிடும் என்பது திட்டம். கொஞ்ச நாள் வரவும் செய்தது. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் புளியோதரையும் வசவுதான். ஒருநாள் என் கணவர் அடுப்படி வாசலில் நின்று அந்தச் சொல்லைச் சொன்ன தோரணையில், பெருமாள் கோயில் பிரசாதத்தையே கொஞ்ச காலம் வீட்டுக்குள் எடுத்துவரக் கூசியது. ஓட்டல் கல்லாவில் இருக்குமே, தலையில் தட்டினால் 'டிங்' என்கிற மேசை மணி, அதையும் வைத்துப் பார்த்தோம். மணிச் சத்தம் ஆளைக் கூப்பிடுகிற சத்தம். அதைக் கேட்டு அடுத்த அறையில் இருந்தவர்களும் சண்டைக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஆக, எங்களுக்குத் தேவைப்பட்ட சைகை யாரையும் சுட்டிக்காட்டக் கூடாது. அதில் குரல் கலக்கக் கூடாது. கோபத்தில் துடிக்கிற கைக்கு ஏதாவது சின்ன வேலை கொடுக்க வேண்டும். பார்த்தால் கொஞ்சம் கோமாளித்தனமாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒன்று, பஸ்ஸில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடும் தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

புன்னைநல்லூர் மாரியம்மன் கோயில், தஞ்சாவூருக்குக் கிழக்கே நாகப்பட்டினம் சாலையில் சில கிலோமீட்டரில் இருக்கிறது. மாமியாருக்கு வேண்டுதல், நான் துணைக்குப் போனேன். பொம்மை செய்கிற குடும்பங்கள் இருக்கிற ஊர் அது. சரபோஜி மன்னர் காலத்தில் வந்த கலை என்று ஊரில் சொல்வார்கள். 2008-09 ஆண்டிலேயே புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. நாங்கள் நுழைந்தது விளம்பரப் பலகைகூட இல்லாத ஒரு வீட்டுத் திண்ணைக் கடை. வெயிலில் ஒரு சாக்கு விரித்து, அதன்மேல் வர்ணம் பூசாத வெள்ளைப் பொம்மைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கண்ணும் மீசையும் இல்லாத ராஜாக்கள் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்ற காட்சி எனக்கு எங்கள் பள்ளிக் காலை வழிபாட்டை நினைவூட்டியது.

அந்த அம்மாள் விற்பனைப் பேச்சு பேசவில்லை. ஒரு ராஜாவை எடுத்து, காது தரையில் படும்வரை சாய்த்து, விட்டார். எழுந்து நின்றது. கால்வட்டம் திருப்பி இன்னொரு பக்கமாகச் சாய்த்து விட்டார். எழுந்து நின்றது. மூன்றாவது பக்கம் எழுந்தபோது ஒரு நூல் அளவு இடப்பக்கம் சாய்ந்தே நின்றது. "இதை உங்களுக்குத் தர மாட்டேன், மண் ஒரு பக்கம் கனமாகக் காய்ந்துவிட்டது" என்று ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். நான் வகுப்பில் செய்துகாட்டுகிற சோதனைகளில் பாதி இவ்வளவு நேர்மையாக நடப்பதில்லை.

இயற்பியலை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், ஆசிரியைப் புத்தி. அடிப்பாகம் அரைக்கோள வடிவத்தில் களிமண், நல்ல கனம். மேலே உடலும் தலையும் அச்சில் ஒட்டி எடுத்த காகிதம், உள்ளே வெற்றிடம். கனம் முழுவதும் அடியில் தங்கிவிடுவதால் ஈர்ப்பு மையம் மிகத் தாழ்வாக இருக்கிறது. பொம்மையைச் சாய்க்கும்போது அந்த மையம் மேலே உயர்கிறது. உயர்ந்தது இறங்கப் பார்க்கும். இறங்க ஒரே வழி நிமிர்வதுதான். நிமிர்கிற வேகத்தில் மறுபக்கம் போய்விடும், திரும்பவும் வரும். தரையோடு உரசி உரசி வேகம் தீர்ந்ததும் நிற்கும். எங்கள் காரியத்துக்கு வேண்டியது இந்தக் கடைசிப் பகுதிதான். நாம் நிறுத்தாமல் தானாக நிற்க ஒரு பொருள் எடுத்துக்கொள்கிற அந்த நேரம்.

ஜோடி ஐந்நூறு ரூபாய் சொன்னார், பேரம் பேசவில்லை. ஒரு சாண் உயரம். ராஜாவுக்குத் தொப்பை, முறுக்கு மீசை, சிவப்பு அங்கி. ராணிக்குப் பச்சைப் புடவை, மூக்குத்தி, எதற்கும் அசைந்துகொடுக்காத பார்வை. வர்ண வாசனை போக ஒரு வாரம் மொட்டை மாடி நிழலில் வைக்கச் சொன்னார். "ஐப்பசியில் வந்து அவசரமாகக் கேட்காதீர்கள் அம்மா, மழை எனக்குப் பொம்மை காய வைத்துத் தராது" என்றும் சொல்லியனுப்பினார்.

வீட்டில் விதி எழுதினோம். ராஜாவைத் தட்டினால் 'இது சண்டையாகப் போகிறது' என்று பொருள். யார் வேண்டுமானாலும் தட்டலாம். ராஜா நிற்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, தட்டியவரும் சேர்த்து. ராணியைத் தட்டினால் 'நான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன்' என்று பொருள். ராணி ஆடினால் பதிலுக்கு எதுவும் சொல்லக் கூடாது, குறிப்பாக 'இப்போதாவது தெரிந்ததே' என்று சொல்லவே கூடாது. ஏற்றுக்கொண்டால், நின்ற ராணியை நாமும் ஒருமுறை தட்டிவிட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

மாமியார் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இந்த வயதில் என்னையும் தலையாட்டிப் பொம்மை ஆக்கிவிடலாம் என்று பார்க்கிறீர்களா?" என்றார். நியாயமான கேள்வி. யாரோ சொல்வதற்கெல்லாம் மண்டையை ஆட்டுகிறவர்களை இந்தப் பொம்மையின் பெயரால்தானே நாம் கேலி செய்கிறோம். அவருக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. காது கொஞ்சம் மந்தம். மொசைக் தரையில் ராஜா சத்தமில்லாமல் ஆடினால் அவருக்குத் தெரியாது, பேசிக்கொண்டே இருப்பார். அதற்கு வழி கண்டுபிடித்ததும் அவரேதான். பரணிலிருந்து ஒரு பித்தளைத் தாம்பாளத்தை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, இரண்டையும் அதில் உட்கார வைத்தார். இப்போது தட்டினால் 'கடகட' என்று ஓர் உருளும் சத்தம் எழுந்து, இடைவெளி குறைந்து குறைந்து, கடைசியில் மெல்லிய நடுக்கமாக அடங்கும். வாங்குகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை இந்தத் தாம்பாளம்தான். மேசை விரிப்பின்மேல் வைத்தால் மூன்று ஆட்டத்தில் நின்றுவிடும்; வழுவழுப்பான கிரானைட்டில் வைத்தால் ஆடிக்கொண்டே நகர்ந்து கீழே விழப் பார்க்கும்.

அவர் இன்னொரு விதியையும் தன்னிஷ்டத்துக்குச் சேர்த்தார். பிடிக்காத பேச்சு வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே ராணியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். 'இன்று அந்தப் பேச்சு வேண்டாம்' என்று அர்த்தம். யாரும் சொல்லித் தரவில்லை. நான் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே ராணியின் முதுகைப் பார்த்துவிட்டால், அன்று முழங்கால் வலிக்கு மருத்துவரிடம் போகலாம் என்ற பேச்சை எடுக்க மாட்டேன். மறுநாள் எடுப்பேன்.

வேலை செய்கிறதா என்றால், ஓர் இரவைச் சொல்கிறேன். சாப்பாட்டு நேரம். மகன் தட்டைப் பார்த்தபடியே, "எனக்கு இன்ஜினியரிங் வேண்டாம் அப்பா, வரலாறு படிக்கிறேன்" என்றான். என் கணவரின் கை ரசம் சாதத்தில் அப்படியே நின்றது. இருநூறுக்கு நூற்றெண்பதுக்கு மேல் கட்-ஆஃப் வரக்கூடிய பையன் என்று அவர் தொழிற்சாலையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். முதல் வாக்கியம், "யோசித்துத்தான் பேசுகிறாயா?" இரண்டாவது, "வரலாறு படித்து என்ன கிழிக்கப் போகிறாய்?" மகன், "நீங்கள் மட்டும் உங்களுக்குப் பிடித்ததையா படித்தீர்கள்?" என்றான். அவர் தலை என் பக்கம் திரும்பியது. "எல்லாம் நீ கொடுக்கிற இடம்" என்ற வாக்கியம் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அதற்கான பதிலும் என் வாயில் தயாராக இருந்தது, நல்ல கூர்மையான பதில்.

மாமியார் தம்ளரைக் கீழே வைத்தார். கையை நீட்டி ராஜாவின் தலைப்பாகையில் ஒரு தட்டுத் தட்டினார். நன்றாகவே தட்டினார்.

ராஜா தொப்பையோடு குப்புற விழப்போய், எழுந்து, என் கணவரை நோக்கி ஒரு கும்பிடு போட்டார். பிறகு மல்லாந்து, நிமிர்ந்து, என் மகனுக்கு ஒன்று. மறுபடியும் அப்பாவுக்கு. மறுபடியும் பிள்ளைக்கு. மீசையை முறுக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் மாறி மாறிச் சலாம் போடுகிற அரசனைப் பார்த்துக்கொண்டு கோபமாக உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை நீங்கள் செய்து பார்த்தால்தான் தெரியும். முழுதாக அரை நிமிடம்கூட இருக்காது. என் கணவர் கையில் ரசம் காய்ந்துகொண்டிருந்தது. மகளின் தோள் குலுங்கியது, சிரிப்பை அடக்குகிறாள். தாம்பாளச் சத்தம் நடுக்கமாகி, நின்றது. "ரசம் ஆறிவிட்டது" என்றார் என் கணவர். மகன் எழுந்துபோய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தான். அன்று அதற்குமேல் அந்தப் பேச்சு இல்லை.

மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவர் தாம்பாளத்தின் பக்கம் நின்றார். நான் டிகாஷன் இறக்கிக்கொண்டிருந்தேன், என்னைப் பார்க்கவில்லை. ஒற்றை விரலால் ராணியின் கொண்டையைத் தொட்டார். தட்டியதாகக்கூடச் சொல்ல முடியாது. ராணி லேசாக அசைந்து நின்றாள். பல் துலக்கிக்கொண்டிருந்த மகன் வாயில் நுரையோடு வந்து, அதே கொண்டையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வரலாறா இன்ஜினியரிங்கா என்பது இன்னும் தீரவில்லை, கவுன்சலிங் வரைக்கும் இழுக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் 'மன்னிப்பு' என்கிற சொல்லை இருபது வருட தாம்பத்தியத்தில் நான் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. ராணிக்கு மட்டும் தனியாக மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து போடுவேன்.

மகள் இதற்கெல்லாம் பாடம் வைத்திருக்கிறாள். ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் பல ஆண்டுகளாகத் தம்பதிகளின் சண்டைகளைப் படம் பிடித்து ஆராய்ந்தவர். சண்டையின் நடுவே சூட்டைத் தணிக்க ஒருவர் செய்கிற எந்த முயற்சியும், ஓர் அசட்டுச் சிரிப்பானாலும், கணக்கில் வரும் என்கிறார். அது எவ்வளவு நயமாகச் செய்யப்படுகிறது என்பதைவிட, எதிரில் இருப்பவர் அதை ஏற்கிறாரா என்பதுதான் முக்கியமாம். நாய்கள் விளையாடும்போது முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கிக் குனியுமே, அதுவும் 'நான் கடித்தாலும் விளையாட்டுத்தான்' என்ற அறிவிப்பு என்றாள். எங்கள் ராஜாவின் கும்பிடும் அதே வகையறா என்பது அவள் கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே காட்மன் இன்னொன்றும் சொல்கிறார்: கோபத்தில் இதயத் துடிப்பு நூறைத் தாண்டிவிட்டால், உடம்பு அடங்கக் குறைந்தது இருபது நிமிடமாவது வேண்டும். பொம்மை ஆடுவது அரை நிமிடம். எனவே இது கோபத்தை ஆற்றும் மருந்து என்று நினைத்து வாங்காதீர்கள். 'இப்போது பேச வேண்டாம்' என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கும், அவ்வளவே. மிச்சம் பத்தொன்பதரை நிமிடத்துக்கு ஒருவர் மொட்டை மாடிக்கும் ஒருவர் பால் வாங்கவும் போக வேண்டும்.

அரை மதிப்பெண் ஏன் குறைத்தேன் என்றும் சொல்ல வேண்டும். இந்தக் கருவியை ஏமாற்ற முடியும். "வேதியியல் தேர்வில் எவ்வளவு?" என்று கேட்டால் மகன் ராஜாவைத் தட்டினான். கேள்வி சண்டை ஆகாது என்று விதியைத் திருத்தினோம். அதைவிடப் பெரிய சங்கடம், நான் நியாயமாக ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்போது என் கணவர் தட்டுவது. ஏற்கெனவே சத்தமாகப் பேசக்கூடியவர் கையில் அந்த ராஜா, மற்றவர் வாயை அடைக்கிற கருவியாகத்தான் இருந்தது. பிள்ளைகளும் நானும் சேர்ந்து தீர்மானம் போட்டோம்: வீட்டுத் தலைவர் ராணியை மட்டும்தான் தட்டலாம். அவர் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் கடைப்பிடிக்கிறார். தட்டும் உரிமை இளையவர்கள் பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் இது ஒழுங்காக வேலை செய்கிறது என்பது என் கணிப்பு.

பெரிய விஷயங்களுக்கும் இது உதவாது. ஊரில் உள்ள நிலப் பங்கு பற்றிப் பேசக் கொழுந்தனார் வந்த அன்று, மாமியாரே தாம்பாளத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். பத்திரமும் பட்டாவும் பேசுகிற இடத்தில் பொம்மையைத் தட்டினால் எதிராளியைக் கிண்டல் செய்வதாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. விருந்தாளிகள் முன்னாலும் பயன்படுத்துவதில்லை. விளையாட்டு என்று எல்லோரும் முன்பே ஒப்புக்கொண்டவர்கள் நடுவில்தான் இது செல்லும்.

மற்ற இரண்டைப் பற்றியும் சுருக்கமாக. நடன மங்கையைத் திருச்சி சிங்காரத்தோப்பில் உள்ள பூம்புகாரில் வாங்கினேன், அரசின் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் கடை. பாவாடை, இடுப்பு, மார்பு, தலை என்று தனித்தனித் துண்டுகள். ஒன்றின்மேல் ஒன்று கம்பி முனையில் சமன்பட்டு நிற்கும். வேலைப்பாட்டில் குறையே சொல்ல முடியாது. தலை ஒரு பக்கம், இடை ஒரு பக்கம் என்று அவள் அசைவது அத்தனை ஒயில். ஆனால் எங்கள் கூடத்தில் மின்விசிறி சுற்றாத நேரம் மின்வெட்டு நேரம் மட்டும்தான். விசிறி சுற்றினால் காலையிலிருந்து இரவுவரை தலையாட்டிக்கொண்டே இருக்கிறாள். எப்போதும் ஆடுகிற ஒன்று எதற்குச் சைகையாகும்? அவளைக் கண்ணாடி அலமாரிக்குள் குடியேற்றிவிட்டேன். அங்கே ராணியைப்போல் நிற்கிறாள்.

பிளாஸ்டிக் பொம்மை எடையே இல்லை. அடியில் ஓர் இரும்பு வில்லையை ஒட்டியிருந்தார்கள், அது இரண்டே நாளில் கழன்று உள்ளே உருள ஆரம்பித்தது. அதன்பின் சாய்த்தால் சாய்ந்தபடியே கிடந்தது. கோபத்தில் தட்டிய பொம்மை எழுந்திருக்கவே மறுத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஒரு ஜோடி தருவித்த என் தங்கைக்கு ராஜா முழுதாகவும் ராணி இரண்டாகவும் வந்து சேர்ந்தார்கள். களிமண் கனமும் காகித உடலும் சேர்கிற இடுப்புப் பகுதிதான் பலவீனமான இடம். பெட்டிக்குள் குலுங்கினால் அங்கேதான் விரிசல் விடும். கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதே நல்லது. அடியைச் சுண்டிப் பாருங்கள்: 'தொப்' என்று கனத்த சத்தம் வர வேண்டும், 'டக்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் மண் குறைவு. நாலு பக்கமும் சாய்த்து விடுங்கள். எந்தப் பக்கமிருந்து எழுந்தாலும் நேராக நிற்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. ஈரத் துணி கூடாது, உலர்ந்த துணியால் தூசி தட்டினால் போதும். அடுப்படி எண்ணெய்ப் புகை படிந்தால் வர்ணம் மங்குகிறது. எங்கள் ராஜாவின் தலைப்பாகை நுனியில் சிவப்பு உரிந்து வெள்ளை தெரிகிறது. அடி அதிகம் வாங்குகிற இடம். மகள் தன் நகப்பூச்சை வைத்து ஒட்டுப்போட்டிருக்கிறாள், பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். ராணியின் கொண்டை மட்டும் வாங்கிய அன்று இருந்ததுபோல அப்படியே இருந்தது. இப்போது அதிலும் லேசாகக் கறுப்பு தேய்கிறது, அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான்.

அடுத்த ஏற்பாடு ஒன்று பாக்கி இருக்கிறது. நவராத்திரிக்கு ராஜா ராணியைக் கொலுவில் முதல் படியில் வைத்தே தீருவேன், ஒன்பது நாளும் யாரும் தொடக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். ஒன்பது நாள், அதுவும் தினம் சுண்டல் எது என்று முடிவு செய்ய வேண்டிய ஒன்பது நாள், கருவி இல்லாமல் தள்ள முடியாது. கொலு நெருங்க நெருங்க விலை ஏறும். அதனால் ஆடி மாதத்து வெயிலிலேயே புன்னைநல்லூர் போய் இன்னொரு ஜோடி வாங்கி வருவதாக இருக்கிறேன். இந்த முறை ராஜாவின் தொப்பை இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்று மகன் சொல்லியிருக்கிறான்.